முதல் போட்டிக்கு ஒரு படை: 2,000 பாயின்டை எங்கே போடுவது?

சின்னச் சின்ன மாடல் வீரர்களையும் வாகனங்களையும் மேசையில் நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டை நண்பரோடு வீட்டில் ஆடும்போது அவர் என்ன கொண்டுவருவார் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு டாங்க் பிடிக்குமென்றால் டாங்கை உடைக்கும் ஆயுதத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்வீர்கள். போட்டியில் அந்த வசதி கிடையாது. லிஸ்ட்டை, அதாவது படையில் யார் யார், என்ன ஆயுதம் என்ற பட்டியலை, முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும், அப்புறம் எல்லாச் சுற்றிலும் அதே படைதான். முதல் சுற்றில் இருபது இருபதாகப் பாய்ந்து வரும் ‘ஆர்க்’ அரக்கர் கூட்டம், அடுத்ததில் வரிசைகட்டிய டாங்குகள், மூன்றாவதில் விலையுயர்ந்த கவச வீரர்கள் என்று எது வேண்டுமானாலும் எதிரே வரலாம்.

சமநிலையான படை என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிக் கட்டிய படை எதையும் உருப்படியாகச் செய்வதில்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: எதிரே எந்தப் படை வந்தாலும் வெற்றிப் புள்ளி எடுக்க இந்த லிஸ்ட்டில் வழி இருக்கிறதா? எதிரியைக் கொல்வது அந்த வழிகளில் ஒன்று. பல ஆட்டங்களில் அதுவே சிறந்த வழியாகவும் இருப்பதில்லை.

உதாரணங்களை வார்ஹேமர் 40,000-இலிருந்து எடுக்கிறேன். கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987-இல் வெளியிட்ட விளையாட்டு. இங்கே வரும் எண்கள் 2023-இல் வந்த 10-ஆம் பதிப்பைச் சேர்ந்தவை. பதிப்பு மாறினால் எண் மாறும், யோசிக்கும் வரிசை மாறாது. வேறு விளையாட்டு ஆடுபவர்களும் இதே வரிசையில் போகலாம். இன்னொன்று: கீழே ‘பாயின்ட்’ என்பது படைக்கு ஆகும் செலவு, ‘புள்ளி’ என்பது ஆட்டத்தில் நீங்கள் எடுப்பது.

படி 1: போட்டியின் விதிக்கோப்பைப் படியுங்கள்

மாடல் பெட்டி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. எத்தனை பாயின்ட் படை, எந்த மிஷன் தொகுப்பு (ஆட்டத்தில் எதற்குப் புள்ளி என்று சொல்லும் விதிகள்), மேசையில் இடிபாடுகளை எப்படி வைப்பார்கள், லிஸ்ட் அனுப்பக் கடைசி நாள் எது, மாடலின் கையில் இருக்கும் ஆயுதமும் லிஸ்ட்டில் எழுதிய ஆயுதமும் ஒன்றாக இருக்க வேண்டுமா, வண்ணம் பூசாத படைக்கு அனுமதி உண்டா என்று எல்லாமே அதில் இருக்கும். 40,000-இல் வழக்கமான போட்டி 2,000 பாயின்ட், 60-க்கு 44 அங்குல மேசை, ஒரு சுற்றுக்குச் சுமார் மூன்று மணி நேரம். ஒரு நாள் போட்டியில் மூன்று சுற்று, இரண்டு நாள் போட்டியில் ஐந்து. 1,000 பாயின்ட் போட்டி ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் அதற்குப் போங்கள். மாடல்களும் விதிகளும் பாதிதான், பதற்றமும் பாதிதான்.

வென்றவர் வென்றவரோடு, தோற்றவர் தோற்றவரோடு என்று சுவிஸ் முறையில்தான் பெரும்பாலும் ஜோடி சேர்ப்பார்கள். ஆகவே முதல் சுற்றில் ஒரு புலியிடம் மாட்டினாலும் மூன்றாவது சுற்றுக்குள் உங்கள் தரத்தில் ஆடுபவர் எதிரே வந்துவிடுவார்.

படி 2: புள்ளி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

10-ஆம் பதிப்பின் போட்டி மிஷன்களில் ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 100 புள்ளி. முதன்மை இலக்கு 50, துணை இலக்கு 40, வண்ணம் பூசி முடித்த படைக்கு 10. எதிரியின் படை முழுவதையும் அழித்தால் கூடுதலாக இவ்வளவு என்று எந்த வரியும் இதில் கிடையாது. சில துணை இலக்குகள் கொல்வதற்குப் புள்ளி தரும், அவ்வளவுதான்.

முதன்மைப் புள்ளி பெரும்பாலும் ஆப்ஜெக்டிவ், அதாவது மேசையில் குறித்துவைத்த இடங்கள், பிடிப்பதற்கு. உதாரணமாக ‘டேக் அண்ட் ஹோல்ட்’ மிஷனில் பிடித்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி, ஒரு டர்னில் 15 வரை. இங்கேதான் புதியவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு சங்கதி இருக்கிறது. முதல் டர்னில் எதுவும் கிடையாது. இரண்டாவதிலிருந்து, உங்கள் டர்ன் *தொடங்கும்போது* எண்ணுவார்கள். அதாவது நீங்கள் ஒரு யூனிட்டை (சேர்ந்தே இயங்கும் வீரர் குழு அல்லது ஒரு வாகனம்) ஆப்ஜெக்டிவில் கொண்டுபோய் நிறுத்திய உடனே புள்ளி வராது. எதிரியின் டர்ன் முழுவதும் அது அங்கே உயிரோடு இருந்து, உங்கள் அடுத்த டர்ன் தொடங்கும்போதும் நின்றால்தான் வரும். அடித்துக் கிழிக்கும், ஆனால் ஓர் அடி வாங்கினால் காலியாகும் யூனிட்டுகளால் மட்டும் கட்டிய படை ஐந்து டர்னும் கொன்று குவித்துவிட்டு 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்பது இதனால்தான்.

ஆப்ஜெக்டிவ் யாருடையது என்பதை அங்கே நிற்கும் மாடல்களின் ‘ஓசி’ (ஆப்ஜெக்டிவ் கண்ட்ரோல்) மதிப்பைக் கூட்டித் தீர்மானிப்பார்கள். சாதாரண ஸ்பேஸ் மரீன் காலாட்படை வீரருக்கு 2, அவரைவிட விலை கூடிய, கனத்த கவசம் அணிந்த டெர்மினேட்டருக்கு 1. மன உறுதிச் சோதனையில் தவறி ‘பேட்டில்-ஷாக்’ ஆன யூனிட்டுக்குப் பூஜ்யம். லிஸ்ட் போடும்போது துப்பாக்கியின் வரியை மட்டும் பார்க்காமல் இந்த எண்ணையும் பாருங்கள்.

துணை இலக்குகளை இரண்டு விதமாக எடுக்கலாம். ஆட்டம் முழுவதற்கும் இரண்டை நிரந்தரமாகத் தேர்ந்துகொள்ளலாம், அல்லது டர்னுக்கு டர்ன் சீட்டு எடுக்கலாம். சமநிலைப் படைக்குச் சீட்டு முறைதான் பொருந்தும். சீட்டில் வருவது பெரும்பாலும் ஓடியாடும் வேலை: எதிரியின் எல்லைக்குள் போய் நில், மேசையின் நான்கு காற்பகுதிகளிலும் ஆள் வை, ஆப்ஜெக்டிவில் ஒரு ‘ஆக்‌ஷன்’ செய். ஆக்‌ஷன் செய்யும் யூனிட் அந்த டர்னில் சுட முடியாது, பாய்ந்து தாக்கவும் முடியாது. படையிலேயே விலையுயர்ந்த பீரங்கியை நிறுத்தி ஆக்‌ஷன் செய்யவைத்தால் நஷ்டம் யாருக்கு? அதனால்தான் சும்மா ஓடி வேலை பார்க்கும் மலிவான யூனிட் ஒவ்வொரு படைக்கும் வேண்டும்.

படி 3: எந்தப் படை?

பிடித்த படை. இதற்கு மேல் இதில் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. இப்போது எது ஜெயிக்கிறதோ அதை வாங்குவோம் என்று கிளம்பினால், நீங்கள் ஒட்டி, வண்ணம் பூசி முடிப்பதற்குள் விதித் திருத்தம் வந்து பாயின்டை ஏற்றியிருப்பார்கள். கேம்ஸ் வொர்க்‌ஷாப் ஆண்டுக்குப் பல முறை பாயின்டைத் திருத்துகிறது. எழுபது மாடலுக்கு வண்ணம் பூச உட்காரும்போது பிடித்திருந்தால்தான் கை ஓடும். ஒரே ஒரு எச்சரிக்கை: முழுக்க ராட்சத இயந்திரங்களாலான இம்பீரியல் நைட்ஸ் மாதிரியான படைகள் இயல்பிலேயே ஒருபக்கம் சாய்ந்தவை. அவற்றுக்கு இந்தக் கட்டுரை அவ்வளவாக உதவாது.

படி 4: யூனிட்டுக்கு முன் வேலையை எழுதுங்கள்

வெற்றுத் தாளில் யூனிட் பெயர் எழுதாமல் வேலைகளை மட்டும் எழுதுங்கள். நான் 2,000 பாயின்டைப் பிரிக்கும் விதம் தோராயமாக இப்படி:

வீட்டு ஆப்ஜெக்டிவை (உங்கள் பக்கம் இருப்பதை) காப்பது, ஆக்‌ஷன் செய்வது, மூலைகளுக்கு ஓடுவது: நாலைந்து சின்ன யூனிட், 400 பாயின்ட்.
மேசையின் நடுவில் நின்று அடி வாங்குவது: இரண்டு மூன்று யூனிட், 550 பாயின்ட்.
கொல்வது: 750 பாயின்ட். இதில் பாதி டாங்கைக் கொல்ல, மீதி காலாட்படையைக் கொல்ல.
தலைவர்கள்: 300 பாயின்ட்.

இது வேதவாக்கு அல்ல. உங்கள் படையில் நடுவில் நிற்பவர்களே கொல்பவர்களாகவும் இருக்கலாம். அப்போது இரண்டு வரியும் கலந்துபோகும். ஆனால் முதல் வரியில் கை வைக்காதீர்கள். பாயின்ட் பற்றாமல் போகும்போது எல்லோரும் முதலில் வெட்டுவது அந்த 400-ஐத்தான், ஏனென்றால் அந்த யூனிட்டுகள் யாரையும் கொல்வதில்லை. வெட்டிய பிறகு மூன்றாவது டர்னில் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, அனுப்ப ஆளில்லாமல் விழிப்பார்கள்.

ஸ்பேஸ் மரீன் படையை வைத்துப் பார்ப்போம். ஐந்து பேர் இன்டர்செசர் யூனிட் வீட்டு ஆப்ஜெக்டிவில் நிற்கும். அவர்களுடைய சிறப்பு விதியால் அவர்கள் அங்கிருந்து நகர்ந்தாலும் ஆப்ஜெக்டிவ் உங்கள் பெயரிலேயே இருக்கும், எதிரி வந்து பிடிக்கும் வரை. இரண்டு ஸ்கவுட் யூனிட் தொடக்கத்திலேயே முன்னால் இறங்கி ஆக்‌ஷன் செய்யும். ஜம்ப் பேக் கட்டிய ஒரு யூனிட் மூலைகளுக்குப் பறக்கும். நடுவில் ஒரு டெர்மினேட்டர் யூனிட்டும், ஒரு தலைவரோடு சேர்ந்த பிளேட்கார்ட் யூனிட்டும். டாங்கை உடைக்க இரண்டு பாலிஸ்டஸ் டிரெட்நாட் (நடக்கும் போர் இயந்திரம்), ஒரு கிளாடியேட்டர் லான்சர் டாங்க். கூட்டத்தைக் கொல்ல ஒரு ரெடெம்ப்டர் டிரெட்நாட். இதை அப்படியே நகலெடுக்க வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வேலை எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். உங்கள் லிஸ்ட்டில் ஏதாவது ஒரு யூனிட்டுக்கு வேலை எழுத வரவில்லையென்றால், அது அழகாக இருக்கிறது என்பதற்காக உள்ளே வந்திருக்கிறது. அப்படி ஒன்று இருந்தால் பரவாயில்லை. மூன்று இருந்தால் தாங்காது.

படி 5: பகடைக் கணக்கு

கணக்கு என்றதும் ஓடாதீர்கள், பெருக்கல் தெரிந்தால் போதும். அடி பட வேண்டும், காயம் ஆக வேண்டும், எதிரியின் சேவ் (கவசம் தடுக்கிறதா என்ற உருட்டல்) தவற வேண்டும், பிறகு டேமேஜ், அதாவது எதிரி மாடலின் ‘வூண்ட்’ (உயிர்) எத்தனை குறைகிறது என்பது. ‘4+’ என்றால் பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்; ‘ஏபி’ என்பது எதிரியின் சேவைக் கெடுக்கும் எண்; ‘டி6’ என்பது ஒரு பகடையில் விழும் எண். காயத்துக்கு உங்கள் ஆயுதத்தின் ஸ்ட்ரெங்த்தையும் (பலம்) எதிரியின் டஃப்னெஸ்ஸையும் (உடல் உறுதி) ஒப்பிடுவார்கள். இரண்டும் சமம் என்றால் 4+, ஸ்ட்ரெங்த் கூட என்றால் 3+, இரு மடங்கோ அதற்கு மேலோ என்றால் 2+, குறைவு என்றால் 5+, பாதியோ அதற்குக் கீழோ என்றால் 6.

இப்போது லேண்ட் ரெய்டர் என்ற கனத்த டாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். டஃப்னெஸ் 12, சேவ் 2+, வூண்ட் 16. அதை நோக்கி ஒரு லாஸ்கேனன் (லேசர் பீரங்கி) சுடுகிறது: 3+ இல் அடி, ஸ்ட்ரெங்த் 12, ஏபி -3, டேமேஜ் டி6+1. அடி படும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. 12-க்கு 12 என்பதால் காயம் ஆகும் வாய்ப்பு பாதி. 2+ சேவ் ஏபியால் 5+ ஆகிறது, அது தவறும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. மூன்றையும் பெருக்கினால் ஒன்பதில் இரண்டு. சராசரி டேமேஜ் 4.5. அதையும் பெருக்கினால் வருவது 1.

சரியாக ஒரு வூண்ட். மறுபடி உருட்டும் சிறப்பு விதி எதுவும் இல்லாவிட்டால், திறந்தவெளியில் நிற்கும் ஒரு லேண்ட் ரெய்டரைச் சாய்க்க சராசரியாக 16 லாஸ்கேனன் சூடு வேண்டும். டர்னுக்கு நாலு சூடு வைத்திருக்கும் படைக்கு நாலு டர்ன். ‘டாங்குக்கு ஒரு லாஸ்கேனன் வைத்திருக்கிறேனே’ என்று சொல்பவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அதே இடத்தில் கிளாடியேட்டர் லான்சரின் லேசருக்கு ஸ்ட்ரெங்த் 14. 12-ஐத் தாண்டிவிட்டதால் காயம் 3+ இல் ஆகிறது. ஏபியும் டேமேஜும்கூட லாஸ்கேனனை விட அதிகம். மெல்ட்டா துப்பாக்கியின் ஸ்ட்ரெங்த் 9. கிட்டே போய்ச் சுட்டாலும் 12-க்கு எதிரே 5+ தான். பேர் பெற்ற டாங்க் எதிர்ப்பு ஆயுதம் என்பதற்காக மட்டும் நம்பி வாங்காதீர்கள், இந்தப் பதிப்பின் எண்ணைப் பாருங்கள்.

அடுத்தது கூட்டம். ஆர்க் பாய்ஸ்: டஃப்னெஸ் 5, சேவ் 5+, ஆளுக்கு ஒரு வூண்ட், இருபது பேர். பத்து இன்டர்செசர்கள் ஆளுக்கு இரண்டாக 20 சூடு சுடுகிறார்கள். 13 அடி படும், அதில் நாலு சொச்சம் காயம் ஆகும், ஏபி -1 போக கடைசியில் சாவது நாலு பேர்கூட இல்லை. மீதி பதினாறு பேர் உங்கள் மேல் பாய்வார்கள். இங்கே லாஸ்கேனனைத் திருப்பிச் சுட்டாலும் பயனில்லை, ஒரு குண்டின் டேமேஜ் அடுத்த மாடலுக்குத் தாவாது. ஏழு டேமேஜ் போட்டாலும் சாவது ஓர் ஆர்க்.

இரண்டுக்கும் நடுவில் டெர்மினேட்டர் மாதிரியானவர்கள்: டஃப்னெஸ் 5, சேவ் 2+, வூண்ட் 3, அதோடு ஏபி எவ்வளவு இருந்தாலும் குறையாத 4+ இன்வல்னரபிள் சேவ். இவர்களுக்கு எதிரே ஏபி -4 எடுத்துப்போவது காசைக் கரியாக்குவது; -2 இருந்தாலே 4+ க்கு இறங்கிவிடுகிறார்கள். முக்கியம் டேமேஜ் எண். 2 டேமேஜ் ஆயுதம் ஒருவரைக் கொல்ல இரண்டு முறை பட வேண்டும், 3 டேமேஜ் ஆயுதத்துக்கு ஒரு முறை போதும். தாளில் பார்த்தால் ஒரே ஒரு எண் வித்தியாசம். மேசையில் அது இரண்டு மடங்கு.

இந்த மூன்று இலக்குகளையும் ஒரு தாளின் மேலே எழுதி, உங்கள் கொலைகார யூனிட் ஒவ்வொன்றும் ஒரு டர்னில் அவற்றுக்கு எதிரே சராசரியாக என்ன செய்யும் என்று கணக்குப் போடுங்கள். மொத்தக் கூட்டலில் ஓட்டை தெரிந்துவிடும். மூன்றிலும் ஓரளவு எண் வந்தால் போதும், மூன்றையும் ஒரே டர்னில் துடைக்க வேண்டியதில்லை. உடைக்கவே முடியாத ஒன்று எதிரே வந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போய் மற்ற ஆப்ஜெக்டிவ்களில் புள்ளி எடுக்கலாம். ஒரு லேண்ட் ரெய்டரால் ஐந்து ஆப்ஜெக்டிவில் ஒரே நேரத்தில் நிற்க முடியாதல்லவா.

படி 6: முக்கியமானது எதுவும் ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாது

டாங்கை உடைக்க ஒரே யூனிட் இருந்தால் எதிரி முதல் டர்னில் அதைத்தான் சுடுவார். அனுபவசாலி என்றால் லிஸ்ட்டைப் பார்த்த மாத்திரத்திலேயே அதைக் குறித்துவைத்திருப்பார். ஆகவே முக்கிய வேலைகளுக்கு இரண்டு யூனிட் வையுங்கள், முடிந்தால் வேறு வேறு வகையில். ஒன்று தூரத்திலிருந்து சுடட்டும், இன்னொன்று கிட்டே போய் அடிக்கட்டும். ஒரே வகை யூனிட்டை மூன்று முறைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று போட்டிப் படைகளுக்கு ஒரு வரம்பு உண்டு. ‘பேட்டில்லைன்’ என்று குறித்த அடிப்படை யூனிட்டுக்கும், ஆள் ஏற்றிச் செல்லவே உள்ள ‘டெடிகேட்டட் டிரான்ஸ்போர்ட்’ வாகனத்துக்கும் மட்டும் ஆறு. மூன்று மூன்றாக எடுத்துச் சாய்வான படை கட்டுபவர்களும் இருக்கிறார்கள், ஜெயிக்கவும் செய்கிறார்கள். முதல் போட்டிக்கு அது வேண்டாம். அந்தப் படை சறுக்கினால் சமாளிக்க நிறைய அனுபவம் வேண்டும்.

தலைவர்கள் விஷயத்தில் கை அடக்கம் நல்லது. ஒரு தலைவரும் அவருக்குக் கொடுக்கும் மேம்பாடும் சேர்ந்தால் ஒரு சின்ன யூனிட்டின் விலை வந்துவிடும். அவர் சேரும் யூனிட் அந்த அளவுக்குப் பலப்படுகிறதா என்று பாருங்கள். நூறு பாயின்ட் தலைவரை நூறு பாயின்ட் யூனிட்டோடு கட்டி அனுப்பினால், ஒரே தாக்குதலில் இருநூறு போகும்.

படி 7: எங்கே ஒளிப்பது, எங்கே இறக்குவது

லிஸ்ட் சரியாக இருந்தும் முதல் டர்னிலேயே பாதிப் படையை இழப்பவர்கள் உண்டு. படைகளை நிறுத்திய பிறகுதான் யார் முதலில் ஆடுவது என்று பகடை உருட்டுவார்கள். எதிரி முதலில் ஆடினாலும் உங்கள் முக்கிய யூனிட்டுகள் பார்வையில் படாமல் இருக்க வேண்டும். போட்டி மேசைகளில் இடிபாடுகள் நிறைய இருக்கும், ஒளிய இடம் உண்டு, ஆனால் அளவோடுதான். காலாட்படை சுவரைத் தாண்டிப் போய்விடும். வாகனம் சுற்றித்தான் போக வேண்டும். ஐந்து பெரிய வாகனம் வைத்த படை மூன்றை ஒளித்துவிட்டு மீதி இரண்டைப் பலிகொடுக்கும், அப்புறம் அந்த மூன்றும் ஒரே சந்தில் முட்டிக்கொண்டு நிற்கும். வீட்டிலேயே இடிபாடுகளின் அளவில் அட்டை வெட்டி மேசையில் பரப்பி, உங்கள் படை ஒளிகிறதா என்று பாருங்கள். லிஸ்ட்டில் வாகனத்தின் எண்ணிக்கையை இந்த ஒத்திகையே முடிவு செய்துவிடும்.

டீப் ஸ்ட்ரைக் யூனிட்டுகள், அதாவது மேசைக்கு வெளியே காத்திருந்து ஆட்டத்தின் நடுவில் இறங்குபவை, பற்றி இரண்டு வார்த்தை. போட்டி மிஷன்களில் முதல் டர்னில் இறக்க முடியாது, மூன்றாவது டர்ன் முடிவதற்குள் இறக்காவிட்டால் செத்ததாகக் கணக்கு. எதிரியிடமிருந்து 9 அங்குலத்துக்கு மேல் தள்ளி இறங்க வேண்டும். இறங்கிய டர்னிலேயே பாய இரண்டு பகடையில் 9 வர வேண்டும். வாய்ப்பு 28 சதவீதம். ஒரு கமாண்ட் பாயின்ட் (சிறப்புச் சலுகைகளுக்காக ஆட்டத்தில் கிடைக்கும் காசு மாதிரி) செலவழித்து மறுபடி உருட்டினாலும் 48-ஐத் தாண்டாது. இறங்கியதும் பாய்ந்து ஜெயிப்போம் என்று திட்டம் போடாதீர்கள். இறங்கிப் புள்ளி எடுப்போம் என்று போடுங்கள்.

எதிரி உங்கள் முதுகில் இறங்காமல் தடுப்பதும் அந்த 400 பாயின்ட் யூனிட்டுகளின் வேலைதான். 32 மில்லிமீட்டர் அடித்தட்டில் நிற்கும் ஐந்து வீரர்களை இரண்டு அங்குல இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்தினால் வரிசையின் நீளம் 14 அங்குலம். இரு முனையிலும் 9 அங்குலம் சேர்த்தால் 32 அங்குலத்துக்கு அந்த வரிசையில் யாரும் இறங்க முடியாது. மேசையின் நீள விளிம்பு 60 அங்குலம். இரண்டு மலிவான யூனிட், முதுகு முழுக்கப் பாதுகாப்பு.

நடு ஆப்ஜெக்டிவில் இதே மலிவான யூனிட்டைத் தூண்டிலாகவும் போடலாம். ஐந்து ஸ்கவுட்டுகளை ஆப்ஜெக்டிவில் விட்டுவிட்டு, பிளேட்கார்டைப் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் நிறுத்துங்கள். எதிரி சும்மா விட்டால் அடுத்த டர்னில் உங்களுக்குப் புள்ளி. ஸ்கவுட்டுகளைக் கொல்ல நல்ல யூனிட் ஒன்றை வெளியே அனுப்பினால், அது இப்போது திறந்தவெளியில் நிற்கிறது, உங்கள் பிளேட்கார்ட் ஆறு அங்குலத்தில் இருக்கிறது. போட்டி ஆட்டத்தின் பெரும்பகுதி இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். நீங்கள் கொடுப்பது எப்போதும் மலிவானதாக இருக்க, லிஸ்ட்டில் மலிவானது இருந்தாக வேண்டும்.

படி 8: கடிகாரத்தையும் கணக்கில் சேருங்கள்

மூன்று மணி நேரம் என்றால் ஆளுக்கு ஒன்றரை. சதுரங்கக் கடிகாரம் வைக்கும் போட்டிகளும் உண்டு. 90 நிமிடத்தில் படையை நிறுத்த 15 போனால் டர்னுக்கு 15 நிமிடம். 120 மாடல் வைத்திருப்பவர் ஒன்றை நகர்த்த மூன்று விநாடி எடுத்தால் நகர்த்துவதற்கே ஆறு நிமிடம். சுடுவதும் அடிப்பதும் அப்புறம்தான். முதல் போட்டிக்கு எழுபது, எண்பது மாடலுக்குக் கீழேயே இருங்கள். மூன்றாவது டர்னோடு நேரம் முடிந்துவிட்டால் கடைசி இரண்டு டர்னில் எடுக்கவிருந்த புள்ளி உங்களுக்கும் இல்லை, எதிரே இருப்பவரின் பொறுமையும் போய்விடும்.

படி 9: ஒரே லிஸ்ட்டோடு பழகுங்கள்

ஒரு தோல்விக்கு ஒரு யூனிட்டை மாற்றுவது எல்லோருக்கும் வரும் ஆசை. அடக்குங்கள். சில ஆட்டங்கள் ஒரே லிஸ்ட்டோடு, வேறு வேறு ஆட்களோடு ஆடிய பிறகு பேசலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் ஒரு கேள்வியை மட்டும் எழுதிவையுங்கள்: எந்தெந்த டர்னில் எத்தனை புள்ளி எடுத்தேன்? ‘அவர் 6-ஆக உருட்டினார்’ என்ற புலம்பலை விட இது உதவும். இரண்டாவது டர்னில் தொடர்ந்து புள்ளி குறைந்தால் நடுவில் நிற்பவர்கள் போதவில்லை அல்லது மெதுவாக நகர்கிறார்கள். கடைசி டர்ன்களில் குறைந்தால் ஓடி வேலை பார்க்கும் யூனிட்டுகளைச் சீக்கிரமே தொலைத்துவிடுகிறீர்கள்.

இன்னும் வாங்காத யூனிட்டுக்குப் பதில், அடித்தட்டின் அளவில் அட்டை வட்டம் வெட்டிவைத்து நண்பரின் சம்மதத்தோடு ஆடிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் போவது அட்டைதான்.

படி 10: வண்ணமும் பையும்

அந்த 10 புள்ளியை விட்டுவிடாதீர்கள். அடிப்படை வண்ணங்கள் பூசி, அடித்தட்டுக்கு ஏதாவது தரையமைப்புச் செய்தால் போதும். கண் இமை வரைய வேண்டியதில்லை. பல ஆட்டங்கள் 10-க்கும் குறைவான வித்தியாசத்தில்தான் முடிகின்றன. கடைசி நேரத்தில் புது யூனிட் சேர்த்து ராத்திரி முழுக்க வண்ணம் பூசுவதை விட, பூசி முடித்திருக்கும் கொஞ்சம் பலவீனமான யூனிட்டை எடுத்துப்போவது மேல்.

பையில்: அளவு நாடா, ஒரே நிறத்தில் போதுமான பகடைகள், வூண்ட் குறிக்க வேறு நிறத்தில் சில, லிஸ்ட்டின் இரண்டு அச்சுப் பிரதிகள், மிஷன் சீட்டுகள், ஒட்டுப் பசை, தண்ணீர். படையை வைத்துத் தூக்க ஒரு தட்டு இருந்தால் சுற்றுக்குச் சுற்று மேசை மாறும்போது பாதி நேரம் மிச்சம். வசதியான காலணி போட்டுக்கொள்ளுங்கள், நாள் முழுக்க நிற்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கும் முன் இருவரும் மேசையைப் பார்த்து, எந்தச் சுவர் பார்வையை மறைக்கும், எது மறைக்காது என்று வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். நகர்த்தும்போதும் எண்ணத்தைச் சொல்லிவிடுங்கள்: ‘இவன் உங்கள் டாங்கின் பார்வையில் படாமல் நிற்கிறான், சரியா?’ அவர் சரி என்றுவிட்டால் பிறகு அரை மில்லிமீட்டருக்குச் சண்டை வராது. விதியில் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு நிமிடத்துக்கு மேல் வாதாடாமல் நடுவரைக் கூப்பிடுங்கள். அதற்குத்தான் அவர் இருக்கிறார்.

போட்டி முடிந்ததும் எதிரே ஆடியவர்களிடம் ‘என் படையில் உங்களைத் தொந்தரவு செய்தது எது, செய்யாதது எது?’ என்று கேட்டுவிட்டு வாருங்கள். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்களில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த லிஸ்ட்டில் மாற்ற வேண்டிய யூனிட் அதுதான்.